விடுகைப் பத்திரம்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்” என்பது நம் யாழ்ப்பாணத்துப் பழமொழி. இன்றைய இளைஞர் அதனைக் கேட்டு நகைப்பர். ஆயினும் அந்த வாக்கின் பின்னே ஒரு நிலத்தின் வரலாறு இருக்கின்றது. நம்முடையது ஆறில்லாத குடாநாடு. சுண்ணாம்புக் கல்லை உடைத்துத் தோண்டிய கிணறுகளே நமக்குக் கங்கையும் காவிரியும். அந்த நீரை இறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பங்களுக்கு நிலம் தந்த வருவாய் எந்நாளும் போதியதாக இருந்ததில்லை. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியும், அதனைத் தொடர்ந்து எழுந்த கிறிஸ்தவ, சைவப் பாடசாலைகளும் நம்மவர்க்கு இன்னொரு விளைநிலத்தைக் காட்டின. அங்கே விதைத்தவர்கள் கொழும்புக் கந்தோர்களிலும் மலாயாவின் புகையிரத நிலையங்களிலும் அறுவடை செய்தார்கள். அன்று தொட்டுப் பரீட்சையே நம் குடும்பங்களின் பெரும்போகமாயிற்று.

இத்தகைய வீடொன்றில் பதினெட்டு வயது மகன் பந்தொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, “எனக்கு இதுவே தொழில்” என்று சொன்னால் என்ன நிகழும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தாய் கோயிலுக்கு நேர்த்தி வைப்பாள். தந்தை ஆசிரியரைத் தேடி வருவார். கல்வி முற்றுப்பெறுமுன் ஒரு மாணவன் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு புறப்பட்டுவிடலாமா? இந்தக் கேள்வியை ஆசிரியர்களாகிய நாம் இனியும் தட்டிக்கழிக்க இயலாது.

நெடுங்காலமாக இந்தக் கேள்வி நம்மிடையே எழவே இல்லை. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் துடுப்பாட்டப் போட்டியை ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று கொண்டாடுகின்றோம். போர்க்காலத்திலே சில ஆண்டுகள் தடைப்பட்ட போதிலும் அந்தச் சமரின் மவுசு குறையவில்லை. கடல் கடந்து சென்ற பழைய மாணவர் பங்குனி மாதத்தில் அதனைப் பார்ப்பதற்கென்றே ஊர் திரும்புவதுண்டு. ஆனால் அந்த மூன்று நாள்களின் வீரன் நாலாம் நாள் என்ன செய்தான்? வெள்ளைக் காற்சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தான். அவனுக்குப் போவதற்கு வேறிடம் இருக்கவில்லை. தெற்கிலே கொழும்புக் கழகங்கள் இருந்தன. ஆயினும் நம் பிள்ளைகளுக்கும் அவற்றுக்கும் இடையே தூரமும் மொழியும், பின்னர் போரும் குறுக்கே நின்றன.

2020ஆம் ஆண்டில் அந்த நிலை மாறிற்று. அவ்வாண்டு கார்த்திகை, மார்கழி மாதங்களில் லங்கா பிரீமியர் லீக் என்னும் தொழின்முறைப் போட்டி முதன்முதலாக நடந்தது. கொள்ளைநோய்க் காலமாதலால் ஆட்டங்கள் யாவும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இல்லாத அரங்கில் ஆடப்பட்டன. யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய ‘ஜப்னா ஸ்டாலியன்ஸ்’ அணியிலே, மத்திய கல்லூரி தந்த மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் இடம்பெற்றார். டிசம்பர் 4ஆம் திகதி, தமது பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் களமிறங்கினார். அவருக்குக் கிடைத்த முதல் விக்கெட் இலங்கை அணியின் முன்னாள் தலைவர் ஏஞ்சலோ மெத்தியூஸுடையது. அந்த ஒரு பந்து நம் குடாநாட்டின் எத்தனை வீடுகளில் எத்தனை சிறுவர்களின் நித்திரையைக் கெடுத்தது என்பதை அவ்வாண்டு வகுப்பில் நின்றவர்கள் அறிவார்கள்.

அதன்பின் அவர் நடந்த வழியும் நாடறிந்ததே. 2023 ஒக்டோபரில் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே இலங்கை அணிக்காக ஆடினார். 2024ஆம் ஆண்டில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணி, குதிக்காலில் காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்கு மாற்றாக, 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. மே 8ஆம் திகதி லக்னோ அணிக்கு எதிராக நான்கு ஓவர்கள் வீசி 27 ஓட்டங்களே கொடுத்தார். இந்தியப் பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்து மைந்தர் ஒருவர் பந்துவீசியது அதுவே முதல் முறை.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒருவருடைய குதிக்கால் நொந்தமையால் இன்னொருவருக்கு வழி திறந்தது. தொழின்முறை விளையாட்டின் இயல்பே அதுதான். அங்கே நிரந்தர நியமனம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. ஒரு பருவத்துக்கு ஓர் ஒப்பந்தம். அடுத்த பருவத்தில் மீண்டும் ஏலம். கோறணமேந்துப் பழமொழியில் வளர்ந்த தந்தைமாருக்கு இதைக் கேட்டாலே தலை சுற்றும். அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லையென்று யார் சொல்லுவார்?

சிக்கலின் முடிச்சு வயதிலே இருக்கின்றது. க.பொ.த. உயர்தரப் பரீட்சை வருவது பதினெட்டு, பத்தொன்பது வயதில். பாடசாலைத் துடுப்பாட்டத்தின் எல்லையும் பத்தொன்பதே. சுழற்பந்து வீச்சாளனின் மணிக்கட்டு முறுகித் தேறுவதும், வேகப்பந்து வீச்சாளனின் தோள் திரளுவதும் அந்த வயதிலேதான். நம் ஊரில் பங்குக் கிணறுகளை அறிவீர்கள். இன்று உன் முறை, நாளை என் முறை என்று தோட்டங்களுக்கு இறைப்பார்கள். ஒரே நாளில் இரண்டு தோட்டங்களும் வாடி நின்றால், ஒரே துலாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பதினெட்டு வயது ஆட்டக்காரன் ஒவ்வொருவனும் அந்தக் கிணற்றடியிலே நிற்கின்றான்.

என் ஆசிரிய வாழ்விலே அப்படி நின்ற ஒருவனை அறிவேன். வேகப்பந்து வீச்சாளன், தோட்டக்காரர் ஒருவரின் மூத்த மகன். உயர்தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில் கொழும்பிலிருந்து ஒரு கழகம் அவனை அழைத்தது. தந்தை தோளிலே சால்வையுடன் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

“மாஸ்டர், பந்தெறிஞ்சு இவன் நாளைக்கு என்னத்தைச் சாப்பிடப் போறான்?” என்று தொடங்கினார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: “சரி, அவன்ரை ஆசையைக் கெடுப்பானேன். ஆனால் மாஸ்டர், போய்ச் சரிவராட்டில் திரும்பி வந்தால் பள்ளிக்கூடம் இவனை எடுக்குமோ?”

அவருடைய முதற் கேள்விக்கு உலகத்தில் எவராலும் விடை கூற முடியாது. இரண்டாவது கேள்விக்கு விடை கூற வேண்டியவர்கள் நாம். அந்தக் கல்லூரியிலே அதற்கு விடை இருக்கவில்லை. பையன் விடுகைப் பத்திரம் பெற்றுக்கொண்டு போனான். ஒரு வருடத்துக்கு மேல் கொழும்பிலே ஆடினான். பின்னர் தோள் முறிந்த வேதனையுடன் ஊர் திரும்பினான். வயது கடந்துவிட்டது, இடாப்பில் பெயர் இல்லை என்றார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம் என்றும் சொன்னார்கள். ஆனால் எந்தப் பாடத்தில் எங்கே விட்டான், யாரிடம் போய்த் தொடங்குவது என்று சொல்வதற்கு ஒருவரும் இருக்கவில்லை. தன்னிலும் இளைய மாணவருடன் தனியார் கல்வி நிலைய வாங்கில் அமரக் கூசினான். பரீட்சை எழுதவில்லை. பந்தும் இல்லை, பத்திரமும் இல்லை என்றாயிற்று.

அந்தத் தந்தையின் இரண்டாவது கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள் நாம் மட்டுமல்லர். கல்லூரி விளையாட்டும் தொழின்முறை விளையாட்டும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே மோதலுக்குக் களமானது கூடைப்பந்தாட்டம். 1891ஆம் ஆண்டில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து வாலிபர் கிறிஸ்தவ சங்கப் பயிற்சிக் கல்லூரியிலே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் மாணவருக்காகவே வகுத்த ஆட்டம் அது. நம் கல்லூரி முற்றங்கள் சிலவற்றிலும் அதன் கம்பங்கள் நிற்பதைக் காண்கின்றோம்.

உயர்தரப் பாடசாலையை விட்டு நான்கு ஆண்டுகள் கழியாமல் எந்த ஆட்டக்காரனையும் சேர்ப்பதில்லை என்பது அந்நாட்டின் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தின் விதியாக இருந்தது. மாணவனின் படிப்பைக் காப்பதற்கே இவ்விதி என்று வெளியில் கூறப்பட்டது. ஸ்பென்சர் ஹேவூட் என்ற கறுப்பின இளைஞர் அதனை நீதிமன்றத்துக்கு இழுத்தார். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்குத் தங்கப்பதக்கம் பெற்றுக் கொடுத்த அணியில் ஆடியவர் அவர். மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காடுகளில் அவருடைய தாய் நாளொன்றுக்கு இரண்டு டொலர் கூலிக்கு உழைத்துப் பத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். “என் உழைப்புக்குக் கூலி பெற நான் ஏன் காத்திருக்க வேண்டும்?” என்பதே அவ்வழக்கின் சாரம். 1971 மார்ச் 1ஆம் திகதி அந்நாட்டின் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதன்பின் சங்கம் ஒரு புதுவிதி செய்தது: குடும்பம் வறுமையில் வாடுகின்றது என்று நிறுவும் மாணவன் முன்கூட்டியே வரலாம். ஆட்டத் திறமையோடு தரித்திரத்துக்கும் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது! 1976ஆம் ஆண்டிலேதான் அந்த நிபந்தனை ஒழிந்தது.

பின்னர் பாடசாலையிலிருந்து நேரே தொழிற்களத்துக்குச் சென்றவர்களும் உண்டு. 2005ஆம் ஆண்டில் மறுபடியும் வேலி போடப்பட்டது: பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும்; பாடசாலையை விட்டு ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். இதன் விளைவாக ஓராண்டு மாத்திரம் கல்லூரியில் பெயர் பதிந்து, ஒரு பருவம் ஆடி, வசந்தம் வந்ததும் விடைபெறும் மாணவர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. “இவர்களுக்குக் கல்வியில் பற்றில்லை, பணத்துக்குப் பறக்கிறார்கள்” என்று அந்நாட்டிலே பலர் வைதனர்.

வைதவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டனர். கல்லூரி ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றுக் கல்லூரிகள் பெரும்பொருள் ஈட்டின. பயிற்றுநர்கள் இலட்சக்கணக்கான டொலர் சம்பளம் பெற்றனர். ஆடிய மாணவனுக்கோ உபகாரச் சம்பளத்துக்கு மேல் ஒரு சதமும் வாங்க உரிமை இருக்கவில்லை. 2021ஆம் ஆண்டில், தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட மாணவர்க்கு அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில், கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற இணக்கத்தை நீதிமன்றம் ஏற்றது. இதற்கிடையே என்ன நேர்ந்தது? படிப்பை இடையில் விட்டுத் தொழிற்களத்துக்குப் பெயர் கொடுக்கும் மாணவர் தொகை குறையத் தொடங்கியது. தங்கியிருப்பதால் வரும் நட்டம் நீங்கியதும் தங்கிவிட்டார்கள்! அரை நூற்றாண்டாக அவசரக்காரர் என்று ஏசப்பட்ட அந்த இளைஞர்கள் கணக்குத் தெரிந்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள். தாயின் சமையலறையைப் பார்த்துப் போட்ட கணக்கு அது.

போனவர்களுள்ளும் கல்வியை மறந்தவர் எல்லாரும் அல்லர். ஷக்கீல் ஓநீல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 1992ஆம் ஆண்டில் மூன்றாண்டுப் படிப்போடு விட்டுச் சென்றார். புகழின் உச்சியில் நின்ற வேளையிலே, 2000ஆம் ஆண்டு டிசம்பரில், அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். தாய்க்குக் கொடுத்த வாக்கு அது என்றார். பின்னர் 2012இல் கல்வித்துறையிலே கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

வின்ஸ் கார்ட்டரின் கதை இன்னும் சுவையானது. வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தை 1998இல் இடையில் விட்டு ரொறன்ரோ அணிக்குச் சென்றவர் அவர். விட்ட பாடங்களைப் படித்து முடித்தார். பட்டமளிப்பு விழா 2001 மே 20ஆம் திகதி காலையில். அதே நாள் மாலை பிலடெல்பியாவிலே அவருடைய அணிக்கு வாழ்வா சாவா என்ற ஏழாவது ஆட்டம். கார்ட்டர் காலையில் விழாவுக்குப் போய், ஆகாய விமானத்தில் பறந்து வந்து, மாலையில் ஆடினார். கடைசி வினாடியில் அவர் எறிந்த பந்து கூடையில் விழவில்லை. 88க்கு 87 என்று அணி தோற்றது. பட்டமளிப்புக்குப் போனதே தோல்விக்குக் காரணம் என்று தூற்றியவர் பலர். நம் யாழ்ப்பாணத்துத் தாய்மாரிடம் இந்த வழக்கு வந்திருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை!

இக்கதைகளில் நான் வியப்பது அம்மனிதரின் விடாமுயற்சியை மட்டுமன்று. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற வழியை அந்தப் பல்கலைக்கழகங்கள் வைத்திருந்தன. மூன்றாண்டில் படித்தது எட்டாண்டுக்குப் பின்னும் கணக்கில் இருந்தது.

நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னையிலே பிறந்த குகேஷ், நாலாம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்திச் சதுரங்கத்தில் முழுமையாக இறங்கினார். 2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் சீனத்தின் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதிலே உலக வாகையர் ஆனார். இதனைக் காட்டி, “பார்த்தீர்களா, பள்ளிக்கூடம் எதற்கு?” என்று கேட்பவர்களும் இருக்கின்றார்கள். அவருடைய தந்தை மருத்துவர். தாய் நுண்ணுயிரியல் அறிஞர். மகனோடு நாடு நாடாகச் செல்வதற்குத் தந்தை தம் தொழிலையே ஒதுக்கி வைத்தார். அந்தப் பிள்ளை தவறி விழுந்திருந்தாலும் ஏந்திக்கொள்ள ஒரு வீடு இருந்தது. வெங்காயத் தோட்டத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு அந்த வசதி ஏது? அந்த வீட்டின் பிள்ளையை ஏந்துவதற்குக் கல்லூரியும் ஊரும்தான் இருக்கின்றன.

ஆகவே, “போகலாமா, கூடாதா?” என்று வாதிடுவதிலே நாம் காலம் கழிக்க வேண்டியதில்லை. அதனைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் பிள்ளையும் பெற்றோரும். அழைப்பு வந்த பின் தடுத்து வைத்தவன் ஆயுள் முழுதும் அந்த அழைப்பையே நினைத்துக்கொண்டிருப்பான். போனவர்களிலே பெரும்பாலோர் வியாஸ்காந்த் ஆகப்போவதுமில்லை. திரும்பி வருபவர்களே அதிகமாக இருப்பார்கள். அவர்களுக்கு என்ன வைத்திருக்கின்றோம் என்பதே ஆசிரிய உலகத்தின் முன்னுள்ள கேள்வி.

உண்மையில், நாம் அஞ்சுமளவுக்குப் பரீட்சை இரக்கமற்றதன்று. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம். விளையாட்டிலே தேசிய, சருவதேச நிலையில் சிறந்து விளங்கியோருக்குப் பல்கலைக்கழகங்களில் விசேட அனுமதியும் உண்டு. ஆனால் உயர்தரத்தில் வேண்டிய தகுதியையாவது அவர்கள் பெற்றிருக்க வேண்டும். பரீட்சை மூன்று முறை கதவைத் திறக்கின்றது. மணிக்கட்டுக்குக் கிடைப்பதோ ஒரு தரம். சில வேளை அதுவும் இல்லை. இவ்விரண்டையும் ஒப்பு நோக்கினால் எது காத்திருக்கக் கூடியது என்பது விளங்கும். ஆயினும் காத்திருக்கும் பரீட்சையிடம் பிள்ளையை மீண்டும் அழைத்து வர ஒரு கை வேண்டும்.

அந்தக் கையாக இருக்கத் தக்கவை நம் பழைய மாணவர் சங்கங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் நம்மவர்கள் கல்லூரி மைதானங்களுக்கு வாரி வழங்குகின்றார்கள். ஓட்டப் பலகை வருகின்றது. பார்வையாளர் மண்டபம் எழுகின்றது. மகிழ்ச்சியே. அதே பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, ஆடச் சென்று திரும்பிய மாணவன் ஓராண்டு இருந்து படிப்பதற்கென்று ஒரு நிதி வைத்தால் என்ன? ஓர் ஆசிரியரை அவனுக்குப் பொறுப்பாக நியமித்து, அவன் வெளியூரில் ஆடும் காலத்திலும் மாதம் ஒருமுறை பாடக் குறிப்புகளை அனுப்பச் செய்தால் என்ன? மண்டபத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு, இதற்கு இல்லை என்பதைத் தவிர வேறு தடையை நான் காணவில்லை.

இந்த வழி பெண் பிள்ளைகளுக்கு இன்னும் அவசியம். வலைப்பந்தாட்டத்திலே நம் குடாநாடு ஈன்ற தர்ஜினி சிவலிங்கம் 2019ஆம் ஆண்டு லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிக கோல்களைப் போட்டவர். அவுஸ்திரேலியக் கழகங்களுக்கும் ஆடினார். அவருக்குப்பின் அந்த வழியே செல்ல விரும்பும் சிறுமிக்கு எதிரே சந்தேகங்கள் இரட்டிப்பாக நிற்கும். திரும்பி வந்தால் இடமுண்டு என்ற உறுதி, அவளை அனுப்பத் தயங்கும் தாய்க்கு ஆண்பிள்ளையின் தாயை விட அதிகமாகத் தேவைப்படும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் மாணவன் ஒருவன் கையில் ஒப்பந்தக் கடிதத்தோடு அலுவலக வாசலில் நிற்கலாம். அவனுக்குப் புத்திமதி சொல்லுங்கள். காயத்தைப் பற்றியும் ஏலத்தைப் பற்றியும் ஒளிக்காமல் எடுத்துரையுங்கள். போவதென்று முடிவு செய்தானானால் விடுகைப் பத்திரத்தை மலர்ந்த முகத்துடன் எழுதிக் கொடுங்கள். அதைக் கொடுக்கும்போது, எந்தப் பாடத்தில் எந்த அலகு வரை படித்திருக்கின்றான், திரும்பி வந்தால் எந்த ஆசிரியரைக் காண வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அதனோடு இணைத்து விடுங்கள். அந்தத் தாளுக்குச் செலவு ஒன்றுமில்லை. படலையில் சால்வையோடு வந்து நிற்கும் தந்தைக்கு அதுதான் பதில்.